‘பாவம்’ என்ற ஒரு சொல்லோடு…



பள்ளி விடுமுறை முடிய இன்னும் மூன்று நாள்கள் இருக்கின்றன. திருத்த வேண்டிய பயிற்சி நூல்களையெல்லாம் ஒருவழியாகத் திருத்தி முடித்துவிட்டேன். மனத்தில் மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை எழுதி இறக்கி வைத்துவிடலாம் என்று அமர்ந்திருக்கிறேன். சற்று நீளமாகப் போனால் பொறுத்தருள்க.

விடுமுறைக்கு முந்தைய வாரம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் நன்னெறிக் கல்விப் பாடத்திற்காகச் செய்தி நறுக்குகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். நன்னெறிக் கல்வியில் 14 நெறிகள் இருப்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள். அவற்றுள் ‘நன்மனம்’ ஒன்று, ‘நீதியுடைமை’ மற்றொன்று. இந்த இரண்டுக்கும் பொருந்தும் செய்திகளை நாளிதழ்களிலிருந்து வெட்டி, தாளில் ஒட்டி, கீழே மூன்று வரி கருத்து எழுதிவர வேண்டும். இதுதான் பணி. நாளிதழ் வாங்காத வீடுகளே இப்போது மிகுதி. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோன பின், காலையில் நாளிதழ் விரிக்கும் பழக்கமே எங்கள் வட்டாரத்தில் பல வீடுகளில் நின்றுபோய்விட்டது. அதனால் கைப்பேசியில் வந்த செய்தியை அச்சிட்டு வந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பில் 19 பேர். நன்மனத்திற்குப் பதினேழு நறுக்குகள் வந்தன. அரிசி மூட்டை கொடுத்தவர், சக்கர நாற்காலி கொடுத்தவர், கால்வாயில் விழுந்த பூனைக்குட்டியைத் தூக்கிய பொம்பா வீரர்கள், தீபாவளிக்குப் பலகாரக் கூடை வழங்கிய இயக்கம் என்று மேசையே நிரம்பிவிட்டது. நீதியுடைமைக்கு வந்தவை இரண்டே இரண்டு. அவற்றுள் ஒன்று, காற்பந்தாட்டத்தில் நடுவர் தவறாகச் சிவப்பு அட்டை காட்டியது பற்றியது! ஒரு மாணவி மட்டும் எதற்குமே எதையும் கொண்டுவரவில்லை. அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

“ஏன் நீதியுடைமைக்கு யாரும் செய்தி கொண்டுவரவில்லை?” என்று கேட்டேன். சிறிது நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவன், “அதுக்கெல்லாம் படம் வராது டீச்சர்” என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டிற்கு வந்து இரவு உணவு சமைத்துக்கொண்டிருந்தபோதுதான், அவன் சொன்னது எவ்வளவு பெரிய சொல் என்று உறைத்தது.

உண்மைதானே! கொடுப்பவர் ஒரு பக்கம், பெறுபவர் ஒரு பக்கம், நடுவே ஓர் அரிசி மூட்டை. அது படம். ஒருவருக்குச் சேர வேண்டியது இருபது ஆண்டுகளாகச் சேரவில்லை என்றால் அதை எப்படிப் படம் பிடிப்பது?

நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, அதைக் கேட்டவுடன் நம் வாயில் வரும் சொற்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். கோவில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் மளிகைக்கடை வாசலிலும் நான் கேட்பவை ஐந்தாறு சொற்கள்தாம். ‘பாவம்’. ‘ஐயோ’. ‘நல்ல மனுசன்’. ‘அவங்கவங்க தலையெழுத்து’. ‘நமக்கேன் வம்பு’. எப்போதாவது, குரல் உயர்ந்தால், ‘அநியாயம்’. ‘பாவம்’ என்னும் சொல் தமிழில் எவ்வளவு விந்தையானது பாருங்கள்! துன்பப்படுபவனைப் பார்த்தும் அதையே சொல்கிறோம்; துன்பம் செய்தவனின் கணக்கில் எழுதப்படுவதற்கும் அதுவே பெயர். ஆனால், இந்த இரண்டாம் பொருளில் அச்சொல்லை ஒரு செய்திக்கு மறுமொழியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘பாவம்’ என்று சொன்னவுடன் நமக்கு மனம் இலேசாகிவிடுகிறது. அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

பிறகு வகுப்பில் ஒரு பழைய செய்தியை எடுத்துப் பேசினேன். 2016இல் பினாங்கு மாநிலத்து புக்கிட் மெர்தாஜாமில் நடந்தது. ஒரு பேரங்காடியில் பழங்களும் பானமும் திருடிய ஒருவர் பிடிபட்டார். அவருடன் அவருடைய சின்னஞ்சிறு மகன். திருடிய பொருள்களின் மதிப்பு 27 ரிங்கிட். விசாரித்ததில், பிரசவத்திற்குப் பின் மனைவி நினைவிழந்து மருத்துவமனையில் கிடப்பதும், அவரையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள இவர் வேலையை விட்டுவிட்டதும் தெரியவந்தன. அங்காடியின் மேலாளர் காவல்துறையிடம் ஒப்படைக்காமல் அவருக்கு வேலையும் கையில் சிறிது பணமும் கொடுத்தார். அந்தச் செய்தி நாடு முழுக்கப் பரவி, வெளிநாட்டு ஊடகங்கள் வரைக்கும் சென்றது. அந்த மேலாளர் செய்தது மிக உயர்ந்த செயல். அதில் எனக்கு இரு கருத்து இல்லை. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் விதிமுறைப் புத்தகத்தைத்தான் புரட்டியிருப்பேன் என்று அஞ்சுகிறேன்.

மாணவர்கள் நெகிழ்ந்து கேட்டார்கள். முடித்தபின் ஒரு மாணவி கை உயர்த்தி, “டீச்சர், அவரு திருடறதுக்கு முன்னாடி போய் வேலை கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களா?” என்றாள்.

நண்பர்களே, நீங்கள் இதற்கு என்ன விடை சொல்லியிருப்பீர்கள்? நான் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கிவிட்டேன். மனைவி நினைவிழந்து கிடக்கும் ஒரு தொழிலாளி, பிடிபடும் வரைக்கும் யார் கண்ணிலும் படவில்லை. எத்தனை அலுவலகங்கள், எத்தனை உதவித் திட்டங்கள் இருக்கும் நாடு இது! அந்தக் கேள்வியை, அந்தச் செய்தியைப் பகிர்ந்துகொண்ட ஆயிரமாயிரம் பேரில் எத்தனை பேர் கேட்டோம்? மேலாளரின் நன்மனத்தைப் போற்றுவதிலேயே நம் வேலை முடிந்துவிட்டது.

அதே புக்கிட் மெர்தாஜாமில் ஓராண்டரை கழித்து, 2018 பிப்ரவரியில், இன்னொரு செய்தி வந்தது. அதை வகுப்பில் சொல்லவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். உங்களுக்குச் சொல்கிறேன். அடெலினா என்ற இந்தோனேசியப் பணிப்பெண், தாம் வேலைபார்த்த வீட்டின் வெளித்தாழ்வாரத்தில் நாயுடன் படுக்க வைக்கப்பட்டிருந்தார். உடலில் காயங்கள். அக்கம்பக்கத்தார் தகவல் கொடுத்ததால் மீட்கப்பட்டவர், மறுநாளே மருத்துவமனையில் இறந்துபோனார். அவரை வேலைக்கு வைத்திருந்தவர் மீதான கொலை வழக்கு 2019இல் விடுதலையில் முடிந்தது. 2022இல் கூட்டரசு நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதிப்படுத்தியது. வழக்கின் சட்ட நுணுக்கங்களைப் பேச நான் வழக்கறிஞர் அல்லள். நான் பேச விரும்புவது எங்கள் மறுமொழியைப் பற்றி மட்டுமே. அது ஒரு தமிழர் வீடு. அந்நாள்களில் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் நிலவிய அமைதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வேற்றினத்தார் வீட்டில் நம் பெண்ணொருத்திக்கு இது நேர்ந்திருந்தால் அந்த ஓய்வறை என்ன பாடு பட்டிருக்கும்! அன்று ஒருவர் சொன்னது, “இதைப் போய் பெரிசு பண்றாங்களே, நம்ம பேரு கெட்டுப் போகுது” என்பதுதான். நான் அவரை மறுத்துப் பேசவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

நமக்கு இழைக்கப்படும் அநீதியில் நமக்குக் கூர்மையான கண். நம்மவர் இழைப்பதில் ‘நமக்கேன் வம்பு’. இதை எழுதுவதால் சிலர் என்மேல் வருத்தப்படக்கூடும். வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

தோட்டத்துக் கதைக்கு வருகிறேன். நான் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பாட்டி பால் வெட்டினார். அம்மா செம்பனையில் உரம் போட்டார். என் பாட்டி இறக்கும் வரைக்கும் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார்: “வெள்ளைக்காரத் தொரை நல்ல மனசுக்காரரு. புள்ளைங்க படிக்கணும்னு பள்ளிக்கூடம் கட்டிக் குடுத்தாரு.” நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்த பிறகுதான், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பைப் பற்றி விரிவுரையாளர் ஒருவர் சொல்லக் கேட்டேன். ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்பது சட்டம்! துரை கட்டிக்கொடுத்தது மனம் இளகி அன்று, சட்டம் சொன்னதால். அதிலும் பல இடங்களில் அந்தப் ‘பள்ளிக்கூடம்’ கோவில் மண்டபமாகவோ ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையாகவோ இருந்தது. வாத்தியார் வேலையைக் கிராணியோ கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரோ பார்த்துக்கொண்டார்.

நல்ல துரைகள் இருந்ததே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நமக்கு உரிமையாக வந்ததைக்கூட நாம் ஒருவரின் நன்மனமாகத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறோம் என்பதைத்தான் சொல்கிறேன். பாட்டிக்கு அந்தச் சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. துரையின் முகம் அவர் பார்த்த முகம். சட்டத்திற்கு முகமில்லை. (மீண்டும் அந்தப் பையன்: “அதுக்கெல்லாம் படம் வராது டீச்சர்.”)

இதற்கு மாறாக, 1941ஆம் ஆண்டு நம் வட்டாரத்திற்குப் பக்கத்திலேயே கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர்களுள் ஒருவர் ஆர். எச். நாதன், ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் பணியாற்றியவர். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குப் பாதுகாப்பு. அவற்றோடு இன்னொன்று: துரைகளுக்கும் கிராணிகளுக்கும் எதிரில் மிதிவண்டியை விட்டு இறங்காமல் ஓட்டிச்செல்ல அனுமதி! இது எனக்கு மிகவும் பிடித்த கோரிக்கை. கூலி உயர்வோடு சேர்த்து எழுதும் அளவுக்கு அந்த இறங்குதல் அவர்களுக்கு வலித்திருக்கிறது. அந்தப் போராட்டம் படையைக் கொண்டு அடக்கப்பட்டது. உயிர்கள் பலியாயின. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இதில் ஒரு கோரிக்கைகூட ‘ஐயா, மனமிரங்குங்கள்’ என்று கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். என் பாட்டி இதைப் பற்றியும் ஒரு சொல் சொன்னதில்லை. தெரியாமல் இருந்திருக்காது. பேசக்கூடாது என்று பழகியிருப்பார்.

நிற்க. இது பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். புக்கிட் தாகார், மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக் என்னும் ஐந்து தோட்டங்களின் பெயர்களை வட சிலாங்கூரில் அறியாதவர் இலர். தோட்டங்கள் கைமாறின, வேலை போயிற்று, வீடு என்னவாகும் என்ற கேள்வி மட்டும் அந்தக் குடும்பங்களோடு 20 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தது. 2023இல்தான் 245 குடும்பங்களுக்கு வீடு கட்ட மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து 75 மில்லியன் ரிங்கிட் ஒதுக்குவதாக அறிவித்தன. அறிவிப்பு வந்த அன்று எங்கள் பெற்றோர் புலனக் குழுவில் கைகூப்பும் படங்கள் மழையாகப் பொழிந்தன. ‘நன்றி ஐயா’, ‘கோடி நன்றி’, ‘தெய்வம்’. எனக்கும் மகிழ்ச்சிதான். நன்றி நவிலுதலும் அந்தப் பதினான்கு நெறிகளில் ஒன்று அல்லவா! ஆனால் ஒரு தந்தை மட்டும் இப்படி எழுதினார்: “எங்க அப்பா இருந்து பாத்திருக்கணும்.” அதற்கு யாரும் மறுமொழி எழுதவில்லை. அடுத்த பத்து நிமிடத்தில் அவருடைய வரி கைகூப்பும் படங்களுக்கு மேலே, கண்ணில் படாத உயரத்திற்குப் போய்விட்டது.

அந்த ஒரு வரிதான் அன்றைய செய்திக்கு வந்த மிகச் சரியான மறுமொழி என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் நன்றிகேடு இல்லை, கணக்கு இருக்கிறது. தோட்ட வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு வேலை முடிந்ததும் வீடும் முடிந்துவிடும் என்பதுதான் நம் தோட்டங்களின் வழக்கம். வேலைக்கு இருக்கும்போது எப்படிப்பட்ட வீடு தர வேண்டும் என்பதற்கு 1990ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. வேலை போன பிறகு எங்கே போவது என்பதற்கு யாராவது மனமிரங்க வேண்டியிருக்கிறது.

இங்கு ஈஜோக் இடைத்தேர்தலையும் நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 2007 ஏப்ரல் 28இல் வாக்களிப்பு. நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்கு முந்தைய வாரங்களில் பல்லாண்டுகளாகக் குழியாய்க் கிடந்த சாலைகளுக்கெல்லாம் தார் வந்தது. பள்ளிக்கு வரும் வழியில் ஒரு பெரியவர் புதுச் சாலையைச் செருப்பால் தட்டிப் பார்த்து, “நல்ல மனசு” என்றார். கேலியாகச் சொன்னாரா மெய்யாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மற்றவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டு போவது எளிது. இனி என்னைப் பற்றி.

சென்ற தீபாவளிக்கு ஓர் அமைப்பினர் எங்கள் பள்ளியில் ‘வசதி குறைந்த மாணவர்கள்’ 22 பேருக்கு உடையும் பலகாரமும் பள்ளிப் பையும் கொடுக்க முன்வந்தார்கள். பெயர்ப் பட்டியலைத் தயாரித்தது நான். சபைகூடலில் மேடைக்கு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்ததும் நான். படம் எடுத்ததும் நான்தான். என் கைப்பேசியில் படம் தெளிவாக விழும் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்று மாலையே ‘அன்பு உள்ளங்களுக்கு நன்றி’ என்று எழுதி, படங்களை முகநூலிலும் புலனத்திலும் ஏற்றினேன். 200க்கும் மேற்பட்ட விருப்பக்குறிகள். மனம் நிறைந்து உறங்கினேன்.

மறுநாள் அந்த 22 பேரில் ஒரு சிறுமி பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய தாயார் வந்தார். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார், கண்கள் சிவந்திருந்தன. சண்டை போடவில்லை. மிகவும் பணிவாக, “ஒதவி செஞ்சதுக்கு ரொம்ப நன்றிங்க டீச்சர். நாங்க ஒண்ணும் கொறையா நினைக்கல. ஆனா பஸ்ஸுல புள்ளைங்க ‘வசதி கொறைஞ்சவ’ன்னு கூப்பிடுதுங்களாம். அந்தப் படத்த மட்டும் எடுத்துட முடியுங்களா?” என்றார்.

எடுத்துவிட்டேன். என் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். மற்ற எத்தனை கைப்பேசிகளில் இருக்கிறதோ!

1941இல் மிதிவண்டியை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள் தோட்டத்து மக்கள். நான் ஒரு பத்து வயதுப் பிள்ளையைச் சபை நடுவே இறங்க வைத்திருக்கிறேன். அதற்கு நன்மனம் என்று பெயரும் வைத்திருக்கிறேன். திருக்குறளில் ஈகைக்கு ஓர் அதிகாரம் இருப்பதை மேடைதோறும் பேசுகிறோம். இரவச்சம் என்று ஓர் அதிகாரம் இருப்பதை, இரப்பதற்கு நாணும் மனத்தைப் பற்றி வள்ளுவர் பத்துக் குறள் எழுதியிருப்பதை, நான் அன்று மறந்தே போனேன்.

இதில் பள்ளிகளுக்கு ஒரு பாடம் இருப்பதாகவே நினைக்கிறேன். கூடுதல் உணவுத் திட்டத்தை, நம் வழக்கில் ‘ஆர்.எம்.டி. சாப்பாட்டை’, எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல திட்டம். ஏழைப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதனால் பசியாறுகிறார்கள். ஆனால் ஓய்வுவேளையில் சிற்றுண்டிச்சாலையில் அவர்களுக்கு ஒரு தனி மேசை, தனி வரிசை. முதலாம் ஆண்டுப் பிள்ளை ஓடிச்சென்று அமர்கிறது. ஐந்தாம் ஆண்டில் அதே பிள்ளை “பசியில்லை டீச்சர்” என்கிறது. 2019இல் தொடக்கப்பள்ளி மாணவர் அனைவருக்கும் காலையுணவு என்று கல்வியமைச்சு அறிவித்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். அப்போது நாட்டில் எழுந்த மறுமொழிகளில் பல, ‘பணக்காரப் பிள்ளைகளுக்கு எதற்கு?’ என்பதுதான். 2020 தொடக்கத்தில் அமைச்சர் பதவி விலகினார். அனைவருக்கும் என்ற அந்தத் திட்டம் அறிவித்தபடி நடைமுறைக்கு வரவில்லை. பணக்காரப் பிள்ளைக்கும் ஏன் என்று கேட்பவர்களுக்கு என் விடை எளியது: ஏழைப் பிள்ளை யார் என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதற்காக. 2023இல் தொடக்கக்காலப் பள்ளி உதவித்தொகை 150 ரிங்கிட்டை வருமானம் பார்க்காமல் எல்லா மாணவருக்கும் வழங்கினார்கள். அந்த ஆண்டு எங்கள் பள்ளி மண்டபத்தில் பெற்றோர் வரிசையில் நின்றபோது, மகிழுந்தில் வந்தவரும் மிதிவண்டியில் வந்தவரும் ஒரே வரிசையில் நின்று கையொப்பமிட்டார்கள். யாரும் தலை குனியவில்லை. யாரும் படமும் எடுக்கவில்லை.

நன்கொடையே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. 2021இல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெள்ளைக் கொடி இயக்கம் தோன்றியபோது, உணவில்லாத வீடுகள் வாசலில் வெள்ளைத் துணியைக் கட்டின. அரசியல்வாதிகள் சிலர் அதை இகழ்ந்தார்கள். அக்கம்பக்கத்தார் இனம் பாராமல் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பசித்தவனிடம் உரிமைக் கணக்குப் பேசிக்கொண்டிருக்க முடியாது, முதலில் சோறு. அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. என் கேள்வி சோறு போட்ட பிறகு வருவது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் வாழ்ந்த லயத்து வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்கள்? வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும். செம்பனைக் குலைகளைத் தள்ளுபவர்கள் அவர்கள்தாம். அவர்களை நாம் ‘பங்களா’ என்கிறோம். பங்களாவில் வாழாத பங்களாக்கள்! 2020இல் மலேசியாவின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயைக் கட்டாய உழைப்பு ஐயத்தின் பேரில் அமெரிக்கா தடுத்து நிறுத்தியது. கடப்பிதழைப் பிடித்துவைத்தல், கூலியை நிறுத்திவைத்தல் எனக் குற்றச்சாட்டுகள். இவை நமக்குப் புதியனவா? நம் முன்னோர் கதையில் நாம் கண்ணீரோடு சொல்பவை அல்லவா? ஆயினும் அந்தச் செய்தி வந்தபோது எங்கள் புலனக் குழுவில் எழுந்த ஒரே கவலை, எண்ணெய் விலை குறையுமா என்பதுதான். மாணவர்களிடம் ஒருநாள் ‘பங்களா’ என்று சொல்லக்கூடாது என்றேன். “அப்ப எப்படி டீச்சர் கூப்பிடறது?” என்றான் ஒருவன். “அவர் பெயரைக் கேட்டுக் கூப்பிடு” என்றேன். அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் மறுவாரம் தன் தந்தையின் கடையில் வேலைபார்க்கும் அண்ணனின் பெயரைக் கேட்டுவந்து என்னிடம் சொன்னான்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் செய்தி கேட்கும்போது பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் ‘பாவம்’ என்றால் அவர்களும் ‘பாவம்’ என்கிறார்கள். அதோடு நிறுத்தாமல், ‘இது இவருக்கு எப்படி நேர்ந்தது?’ என்று ஒரு கேள்வியை மட்டும் அவர்கள் காதுபடக் கேளுங்கள். விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கும் பாதிக்குமேல் தெரிவதில்லை.

இவ்வாண்டுத் தீபாவளிக்கும் அதே அமைப்பினர் உதவ முன்வந்திருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவைக் கூட்டத்தில், மேடையும் படமும் வேண்டாம், பொருள்களை வகுப்பாசிரியர் மூலம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றேன். அமைப்பின் பேராளர் வருத்தப்பட்டார். “படம் இல்லேன்னா பணம் குடுத்தவங்களுக்கு நாங்க என்னத்தக் காட்டறது டீச்சர்? அடுத்த வருசம் குடுப்பாங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கெட்ட மனிதர் அல்லர். சொந்தச் செலவில் எண்ணெய் ஊற்றி வண்டி ஓட்டி வருபவர். நெடுநேரம் பேசி, அடுக்கிவைத்த பைகளை மட்டும் படமெடுப்பது என்றும், தலைமையாசிரியர் கையொப்பமிட்ட நன்றிக் கடிதம் கொடுப்பது என்றும் முடிவாயிற்று. அவர் அரை மனத்தோடுதான் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு வருவாரா என்பது அடுத்த ஆண்டுதான் தெரியும்.

செய்தி நறுக்கு எதையும் கொண்டுவராத மாணவி என்று தொடக்கத்தில் எழுதினேன் அல்லவா? அவள்தான் இவள். சென்ற ஆண்டு நான்காம் ஆண்டு, இவ்வாண்டு என் வகுப்பு. ஏன் கொண்டுவரவில்லை என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் அமர்ந்திருந்தவளின் தாளில், பலகாரக் கூடையுடன் வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் படம் ஒட்டியிருந்தது. அது வேறு பள்ளி, வேறு பிள்ளைகள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தாயாரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவளிடம் இன்னும் கேட்கவில்லை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.